பந்து யார்? பந்தாடுவது யார்?

சென்ற வாரம் ஒரு பஞ்சாலை வாசலில், முதல் ஷிப்டு முடிந்து வந்த தோழர்கள் டீக்கடைப் பெஞ்சில் ஒரு தினசரியைச் சுற்றிக் கூடி நின்றார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய படம். எந்த நாட்டுப் பெண்ணோ, பதினேழு வயதுதான் இருக்கும். ஒரு கையில் டென்னிஸ் மட்டை, மறு கையில் வெள்ளிக் கோப்பை. தொப்பியில் ஒரு கம்பெனியின் முத்திரை, சட்டையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று.

"பிறந்தால் இப்படிப் பிறக்க வேண்டும் அண்ணே! இருபது வருஷம் ஸ்பின்னிங்கில் நின்று நான் சம்பாதித்ததை இந்தப் பிள்ளை ஒரு சாயந்திரத்தில் வாங்கிவிட்டது" என்றார் ஓர் இளைஞர்.

பக்கத்தில் நின்ற வயதான தோழர் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அது சரி தம்பி, இந்தப் பிள்ளை எப்போ பள்ளிக்கூடம் போச்சு?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல. விளையாட்டுப் பக்கம் எழுதும் பெரிய பத்திரிகைகள் ஒருநாளும் கேட்காத கேள்வி அது. அதற்குப் பதில் சொல்ல முயலுவோம்.

ஜெனிபர் என்ற சிறுமியின் கதை

அமெரிக்காவில் 1976 மார்ச் 29-ல் பிறந்தவள் ஜெனிபர் காப்ரியாட்டி. நடை பழகும் பருவத்திலேயே தகப்பனார் கையில் மட்டையைக் கொடுத்துவிட்டார். புளோரிடா மாநிலத்தில் பயிற்சி. திறமை மிக்க பெண் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பின்னங்காலில் பலமாக ஊன்றி அவள் அடித்த அடியை, அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களாலும் திருப்பி அடிக்க முடியவில்லை.

1990 மார்ச் முதல் வாரம். புளோரிடாவில் போகா ராட்டன் என்ற ஊரில் அவளுடைய முதல் தொழில்முறைப் போட்டி. வயது 14 நிறைய இன்னும் மூன்று வாரம் பாக்கி. பதினான்கு நிறையும் மாதத்திலேயே களத்தில் இறங்கலாம் என்று விதி இருந்தது. பிறந்த நாள் வரை காத்திருக்கக்கூட யாருக்கும் பொறுமையில்லை. காத்திருந்தால் ஒரு போட்டி வீணாகிவிடுமே!

அவள் ஒரு பந்துகூட அடிக்குமுன் ஒப்பந்தங்கள் தயாராக இருந்தன. டியடோரா என்ற இத்தாலியக் கம்பெனி, தன் காலணியையும் உடையையும் அவள் மீது மாட்டியது. பிரின்ஸ் என்ற மட்டைக் கம்பெனி தன் மட்டையைக் கையில் கொடுத்தது. எல்லாம் லட்சக்கணக்கான டாலர்.

அந்தப் போட்டியின் பெயர் என்ன தெரியுமா? "வர்ஜீனியா ஸ்லிம்ஸ் ஆப் புளோரிடா". வர்ஜீனியா ஸ்லிம்ஸ் என்பது பிலிப் மாரிஸ் கம்பெனி, பெண்களைப் புகை பிடிக்கப் பழக்குவதற்கென்றே 1968-ல் சந்தைக்குக் கொண்டுவந்த சிகரெட். கடையில் ஒரு சிகரெட் பெட்டியைக் கேட்டு வாங்கும் வயதில்லாத ஒரு சிறுமி, அதே சிகரெட்டின் பெயரை எழுதிய பலகைகளுக்கு நடுவே ஓடி ஆடினாள். வாங்கத்தான் வயது போதாது. விற்றுக் கொடுக்க வயது போதுமாம்! இறுதிப் போட்டி வரை வந்து, கபிரியேலா சபாட்டினியிடம் தோற்றாள். மறுநாள் உலகமே அவளைக் கொண்டாடியது.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். 1990-ல் பிரெஞ்சுப் போட்டியில் அரை இறுதி. அந்த ஆண்டு முடிவதற்குள் உலகின் முதல் பத்துப் பேரில் ஒருத்தி. 1991-ல் விம்பிள்டனில், முந்தைய வருஷத்துச் சாம்பியன் மார்ட்டினா நவரத்திலோவாவை வென்று அரை இறுதி. அப்போது வயது 15. 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்டெபி கிராபைத் தோற்கடித்துத் தங்கப் பதக்கம். வயது 16.

1993 அமெரிக்கப் போட்டி. முதல் சுற்றிலேயே தோல்வி. அந்தச் சிறுமி மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த டிசம்பரில் ஒரு கடையில் மலிவான மோதிரம் ஒன்றை எடுத்ததாகப் போலீசார் வழக்குப் போட்டார்கள். பெறுமானம் பதினைந்து டாலர் அளவு. லட்சங்களுக்கு ஒப்பந்தம் போட்ட பெண், பதினைந்து டாலர் மோதிரத்துக்காகப் போலீசில் நின்றாள்! 1994 மே மாதம் கஞ்சா வைத்திருந்ததாகக் கைது. போலீஸ் நிலையத்தில் எடுத்த அவளுடைய படம் உலகெங்கும் பத்திரிகைகளில் வந்தது.

யார் அந்தப் படத்தை வெளியிட்டது? நான்கு வருஷத்துக்கு முன் "அதிசயச் சிறுமி" என்று முதல் பக்கத்தில் போட்டு விற்ற அதே பத்திரிகைகள்தான். ஏறும்போதும் விற்றார்கள், விழும்போதும் விற்றார்கள். அவர்களுக்கு இரண்டும் லாபம். கரும்பைப் பிழிந்தவன் சக்கையையும் அடுப்பில் போட்டுக் காய்ச்சுகிற கதைதான் இது.

ஒருத்தி மட்டும்தானா?

"அது ஒரு பெண்ணின் தனிப்பட்ட பலவீனம். கெட்ட சகவாசம். இதற்கு விளையாட்டு என்ன செய்யும்?" என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

நாம் கேட்கிறோம்: அவளுக்கு முன்னால் நடந்தவை என்ன? டிரேசி ஆஸ்டின் 1979-ல் பதினாறு வயதில் அமெரிக்கப் பட்டத்தை வென்றாள். இருபத்தொரு வயதாகும்போது முதுகு ஒடிந்து, ஆட்டம் ஏறக்குறைய முடிந்துபோயிற்று. ஆண்ட்ரியா ஜேகர் 1980-ல் பதினான்கு வயதில் தொழிலுக்கு வந்தாள். 1983-ல் விம்பிள்டன் இறுதிப் போட்டி வரை போனாள். பத்தொன்பது வயதில் தோள்பட்டை போயிற்று. அதோடு அந்த வாழ்க்கையும் போயிற்று. முதுகும் தோளும் எதனால் போகின்றன? வளர்ந்து முடியாத எலும்பின் மேல் வளர்ந்தவனின் சுமையை ஏற்றினால் என்ன ஆகும் என்று, மூட்டை தூக்கும் தோழர்களுக்கு எந்த டாக்டரும் சொல்லத் தேவையில்லை.

மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பலவீனமாம்! ஒரே மெஷினில் மூன்று பேர் விரல் போனால், விரலையா குற்றம் சொல்வது? மெஷினுக்குத் தடுப்புக் கம்பி எங்கே என்றல்லவா கேட்க வேண்டும்?

அந்தத் தடுப்புக் கம்பி கடைசியில் வந்தது. ஜெனிபரின் வீழ்ச்சி உலகறிய நடந்த பிறகு, பெண்கள் டென்னிஸ் சங்கம் நிபுணர் குழு ஒன்றை அமைத்து, 1995 முதல் வயது விதியைக் கொண்டுவந்தது. 14 வயது நிறையாத பெண் தொழில்முறைப் போட்டியில் ஆடக்கூடாது. அதற்கு மேல் வயதுக்குத் தக்கபடி வருஷத்துக்கு இத்தனை போட்டிதான் என்று அளவு. 18 நிறைந்தால்தான் முழு அனுமதி.

விதி வரப்போகிறது என்று தெரிந்ததும் நடந்த கூத்தைப் பாருங்கள்! 1994 இறுதியிலேயே பதினான்கு வயதுப் பெண்களைக் களத்தில் இறக்கிவிட்டார்கள். மார்ட்டினா ஹிங்கிஸ் அந்த அக்டோபரில் வந்தாள்; வீனஸ் வில்லியம்ஸும் அந்த மாதக் கடைசியில் வந்தாள். கதவு சாத்துமுன் உள்ளே தள்ளிவிடுகிற அவசரம்!

விதியின் பலன் என்ன? பத்து வருஷம் கழித்து அந்தச் சங்கமே கணக்குப் பார்த்தது. இருபத்திரண்டு வயதுக்கு முன்னரே ஆட்டத்தை விட்டு ஓடிப்போகும் பெண்கள் முன்பு 100-க்கு 7 பேர். விதிக்குப் பிறகு 100-க்கு ஒருவர்கூட இல்லை. திறமை அழியவில்லை, பிள்ளைகள்தான் பிழைத்தார்கள்.

மூன்று வாதங்கள், மூன்று பதில்கள்

இவ்வளவுக்குப் பிறகும், ஒவ்வொரு முறை ஒரு புதுச் சிறுமி தலையெடுக்கும்போதும் பழைய பல்லவி கிளம்புகிறது. "வயது விதியைத் தளர்த்து! திறமைக்கு வேலி போடாதே!" 2019-ல் கோக்கோ காப் என்ற 15 வயதுப் பெண் விம்பிள்டனில் வீனஸ் வில்லியம்ஸை வென்று நான்காவது சுற்று வரை வந்தபோது இது உரக்கவே கேட்டது. புகழ்பெற்ற ரோஜர் பெடரரும் விதியைத் தளர்த்தலாம் என்றார். பெடரர் பெரிய ஆட்டக்காரர், நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் வியாபார ஒப்பந்தங்களைக் கவனித்துவந்த டீம்8 என்ற நிறுவனம் அவரே கூட்டாகத் தொடங்கியது என்பதையும் சேர்த்துத்தான் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வாதம்: "அந்தப் பிள்ளைக்கு லட்சம் லட்சமாகப் பணம் கிடைக்கிறதே! பிறகென்ன அழுகை?" பணம் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூலி அதிகம் என்பதால் சிறுவர் உழைப்பு சிறுவர் உழைப்பு இல்லாமல் போய்விடுமா? பிள்ளையின் மட்டை ஓய்ந்தால் தகப்பனுக்கும், பயிற்சியாளருக்கும், தரகருக்கும் வருமானம் ஓயும் என்றால், "எனக்கு இன்று களைப்பாக இருக்கிறது" என்று அந்தப் பிள்ளை யாரிடம் சொல்லும்? வீட்டில் எல்லோரும் தன் முதுகில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பதினான்கு வயதில் தெரிந்துவிட்டால் அதைவிடப் பெரிய பாரம் வேறு உண்டா? கோக்கோ காப்பே 2020-ல் வெளிப்படையாகச் சொன்னார்: தொழிலுக்கு வந்த புதிதில், 2017-18-ல், ஏறக்குறைய ஒரு வருஷம் மனம் சோர்ந்து கிடந்தாராம், ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட எண்ணினாராம். இத்தனைக்கும் அவரைக் காக்க விதி இருந்தது. அந்த விதியைத்தான் தளர்த்தச் சொல்கிறார்கள்!

இரண்டாவது வாதம்: "பிள்ளை தானே ஆசைப்பட்டு ஆடுகிறது." ஆடட்டும்! தெருவில் ஆடட்டும், பள்ளியில் ஆடட்டும், தன் வயதுப் பிள்ளைகளோடு போட்டியில் ஆடட்டும். ஆட்டத்தை யார் தடுத்தார்கள்? தடுத்தது வியாபாரத்தை. பிள்ளை விரும்புவது பந்தை. கம்பெனி விரும்புவது பிள்ளையை. இந்த இரண்டு விருப்பத்தையும் ஒன்றாகக் குழப்புவதுதான் இவர்களுடைய ஜாலவித்தை.

மூன்றாவது வாதம்: "வேலி போட்டால் திறமை வாடும்." இது இருநூறு வருஷத்துப் பழைய சரக்கு. 1833-ல் இங்கிலாந்தில், ஒன்பது வயது நிறையாத குழந்தையைப் பஞ்சாலையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் வந்த காலத்தில் ஆலை முதலாளிகளும் இப்படித்தான் கூவினார்கள். தொழில் பாழாகும், பெற்றோர் பட்டினி கிடப்பார்கள், பிள்ளைகள் சோம்பேறியாவார்கள் என்றார்கள். தொழில் பாழாகவில்லை. டென்னிஸும் பாழாகவில்லை.

ஜெனிபரின் கதையின் பின்பாதியே இதற்கு உயிருள்ள சாட்சி. 1996-ல் அவள் மெல்லத் திரும்பி வந்தாள். 2001-ல், 24 வயதில், ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்றாள். அதே வருஷம் பிரெஞ்சுப் பட்டம். அக்டோபரில் உலகின் முதலிடம். 2002-ல், தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு, மறுபடியும் ஆஸ்திரேலியப் பட்டம். பதினாலில் பறிக்கத் துடித்த கனி இருபத்து நாலில்தான் பழுத்தது! அவசரப்படாமல் விட்டிருந்தால் நடுவில் போன அந்த வருஷங்கள் போயிருக்குமா? மீண்டு வந்த பெருமை முழுதும் அந்தப் பெண்ணுடையது. விற்றவர்களுக்கு அதில் காலணா பங்கும் இல்லை.

படத்தில் வராதவர்கள்

இதுவரை உச்சியில் நின்றவர்களைப் பற்றிப் பேசினோம். கோப்பையோடு படத்தில் வருகிறவள் ஒருத்தி. படத்தில் வராதவர்கள் எத்தனை பேர்?

சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 2013-ம் வருஷத்தின் கணக்கைப் பார்த்தது. தொழில்முறைப் போட்டிகளில் ஆடியவர்கள் ஏறக்குறைய 14,000 பேர். அவர்களில் பாதிப்பேர் அளவுக்குப் பரிசாக ஒரு காசும் பெறவில்லை. செலவுக்கும் வரவுக்கும் சரியாகப் போகவேண்டுமானால் ஆண்களில் 336-வது இடத்துக்குள்ளும், பெண்களில் 253-வது இடத்துக்குள்ளும் இருக்கவேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள் கைக்காசு போட்டு வேலை செய்கிறவர்கள். விமானச் சத்திரமும் ஓட்டல் வாடகையும் அவர்களே கட்ட வேண்டும். பந்து அடித்துத் தோற்றால் மறுபடி வேறு ஊருக்குப் போகவேண்டும். அடிமட்டப் போட்டி ஒன்றில் மொத்தப் பரிசே 15,000 டாலர்; அதையும் அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சிக்காக நிலத்தை விற்றவன், வீட்டை அடகு வைத்தவன் பிள்ளையெல்லாம் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். "திறமை இருந்தால் எவனும் உயரலாம்" என்பவர்கள் இந்தப் பக்கம் திரும்பியாவது பார்த்ததுண்டா?

திரும்பிப் பார்த்தவர்களும் உண்டு: சூதாட்டக் கம்பெனிகள்! இந்த அடிமட்டப் போட்டிகளின் ஒவ்வொரு புள்ளியையும் உடனுக்குடன் சூதாடிகளுக்கு எட்டச் செய்யும் உரிமையைச் சம்மேளனம் ஸ்போர்ட்ரேடார் என்ற நிறுவனத்துக்கு விற்றது. கேட்பாரற்ற ஒரு மைதானத்தில், பார்க்க பத்துப் பேர்கூட இல்லாத ஆட்டத்தின் மேல், கண்காணாத நாடுகளில் பந்தயம் நடக்கிறது. பிள்ளைக்கு ஓட்டல் வாடகைக்குக் காசில்லை. அவன் அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் வேறொருவன் காசு பார்க்கிறான். சூது மோசடி பெருகியதைப் பற்றி விசாரித்த சுயேச்சைக் குழு 2018-ல், இந்த அடிமட்டப் போட்டிகளின் விவரத்தை விற்பதை நிறுத்துங்கள் என்றே பரிந்துரை செய்ய வேண்டி வந்தது.

அதன் விளைவு பிள்ளைகளின் தலையில் எப்படி விடிகிறது? 2024-ல் மட்டும் 458 ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 8,000 வசைச் செய்திகள் வந்ததாக டென்னிஸ் நிர்வாகங்களே சொல்கின்றன. 100-க்கு 40, பந்தயத்தில் பணத்தை விட்டவர்கள் அனுப்பியவை. தோற்றுவிட்டு அறைக்குத் திரும்பும் சிறுமியின் கைப்பேசியில் கொலை மிரட்டல் காத்திருக்கிறது!

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

"இதெல்லாம் அமெரிக்கக் கதை. நமக்கென்ன?" என்று கேட்கலாம். நமக்கும் உண்டு.

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 14 வயது நிறையாத பிள்ளையை ஆலை வேலையில் வைக்கக்கூடாது என்றது. அது யாரும் இனாமாகக் கொடுத்ததல்ல. ஆலைத் தொழிலாளர் பல தலைமுறை போராடிப் பெற்றது. ஆனால் 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று ஒரு கையால் எழுதிவிட்டு, குடும்பத் தொழிலுக்கும், சினிமா, விளம்பரம், தொலைக்காட்சிக்கும், விளையாட்டுக்கும் மறு கையால் விலக்குக் கொடுத்தார்கள். சர்க்கஸ் மட்டும் கூடாதாம்! கம்பியில் நடக்கும் பிள்ளைக்குக் காவல் உண்டு. கம்பெனியின் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு விலக்கு. படிப்புக்குக் கேடு வரக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அதன் பெயரில் வங்கியில் போடவேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் மீதி 80 சதவீதம்? உழைத்தது முழுப்பிள்ளை, சேமிப்பு ஐந்தில் ஒரு பங்கு!

வழி இல்லாமல் இல்லை

ஆட்டக்காரர்கள் எல்லோரும் வாய் மூடி இருந்தவர்கள் அல்ல. 1970-ல் ஒரு போட்டியில் ஆண்களின் முதற்பரிசு 12,500 டாலர், பெண்களுக்கு 1,500. பில்லி ஜீன் கிங் முதலிய ஒன்பது பெண்கள் அந்தப் போட்டியைத் தள்ளிவிட்டு, அந்தச் செப்டம்பரில் ஹூஸ்டன் நகரில் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் போட்டி நடத்தினார்கள். தடை விதிப்போம் என்ற மிரட்டலுக்கு அஞ்சவில்லை. 1973-ல் அமெரிக்கப் போட்டி சம பரிசு கொடுத்தது. விம்பிள்டன் கொடுக்க 2007 ஆயிற்று. அதே 1973-ல், நிக்கோலா பிலிச் என்ற ஒரு சக ஆட்டக்காரரை ஆடவிடாமல் தடுத்ததற்காக 81 ஆண்கள் விம்பிள்டனையே பகிஷ்கரித்தார்கள். ஒருவனுக்காக எண்பத்தொரு பேர் வெளிநடப்பு! இதற்கு என்ன பெயர் என்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த ஒன்பது பெண்களுக்கு அன்று பணம் கொடுக்க முன்வந்ததும் அந்தச் சிகரெட் கம்பெனிதான். பெண்களின் நியாயமான கோபத்தைக்கூடத் தன் சரக்குக்கு விளம்பரமாக்கிக்கொண்டது அது. இருபது வருஷம் கழித்து, பதின்மூன்று வயதுச் சிறுமி அந்தப் பெயரின் கீழ் வந்து நின்றாள். பெரியவர்கள் தங்களுக்காகப் போராடிச் சங்கம் கண்டார்கள். பிள்ளைகளுக்குச் சங்கம் ஏது? ஆகவே பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள்தான் பேசவேண்டும்.

நாம் சொல்வது இதுதான். வயது விதியை ஓர் அங்குலமும் தளர்த்தக்கூடாது. பிள்ளையின் பணம் பிள்ளைக்கே சேரவேண்டும். வயது வரும்வரை தகப்பனோ தரகரோ தொடக்கூடாது. பள்ளி முடியும்வரை பள்ளிதான் முதலில். சூதாட்டக் கம்பெனிகளைப் பிள்ளைகள் ஆடும் மைதானத்துப் பக்கமே விடக்கூடாது. உச்சியில் குவியும் பணத்தில் ஒரு பங்கு, அடிவாரத்தில் கைக்காசு போட்டு ஆடுகிறவர்களுக்கு இறங்கி வரவேண்டும்.

நம் பிள்ளைகளும் ஆடட்டும். ஆலைக் குடியிருப்பிலும், சேரித் திடலிலும், பள்ளி மைதானத்திலும் பந்து துள்ளட்டும். ஆட்டம் நம்முடையது, அதைப் பணக்காரர்களுக்கு விட்டுக்கொடுக்க நாம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை கோப்பையோடு நிற்கும் சிறுமியின் படத்தைப் பார்க்கும்போது, முகத்தைப் பார்த்த பிறகு சட்டையையும் பாருங்கள். அதில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அந்த வயதான தோழர் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள்: இந்தப் பிள்ளை எப்போது பள்ளிக்கூடம் போயிற்று?